சிலோன் ஆயாவும் அரண்மனைக்காரன் தெருவும்: தாயகம் யாருக்கு இருக்கிறது?



சிங்கவரம் மலையடியில் நாங்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு கேள்வி எழுந்தது. கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "எல்லாரும் பூர்வீகம் பூர்வீகம்னு சொல்றாங்களே, நம்ம பூர்வீகம் எது?"

கேள்வி எழுந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிரே செஞ்சிக்கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் பட்டியலான 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் பாறையைக் குடைந்து எடுத்த சிங்கவரம் ரங்கநாதர் கோயில். பக்கத்திலேயே திருநாதர்குன்று. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அங்கே ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ராஜா தேசிங்குக்குக் கதைப்பாட்டு இருக்கிறது, பெருமாளுக்குத் தலபுராணம் இருக்கிறது, துறவிக்குக் கல்வெட்டு இருக்கிறது. நமக்கு?

நமக்கும் ஒன்று இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று செஞ்சியின் மூன்று மலைகளை எல்லோரும் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்று உண்டு. அதற்குச் சக்கிலிதுர்கம் என்று பெயர். தோல் தைத்தவர்களின் பெயர் ஒரு கோட்டைக் குன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் மட்டும்தான். அந்தக் குன்றில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை.

அந்தத் தங்கையின் கேள்விக்கு நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் வேலையில் பழக்கமான ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னோம்.

சிலோன் ஆயா

செஞ்சி வட்டாரத்தில் ஒரு காலனியில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1970களில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. இங்கேதான் திருமணம், இங்கேதான் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இங்கேதான் கணவரை அடக்கம் செய்தது. இன்றைக்கும் ஊரில் அவருக்குப் பெயர் "சிலோன் ஆயா".

"அங்க எங்கள இந்தியாக்காரின்னு சொன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னு சொல்றாங்க. நான் எந்த ஊர்க்காரிதான் சொல்லு?" என்று ஒருமுறை எங்களைக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஆயாவின் கேள்வியும் அந்தத் தங்கையின் கேள்வியும் ஒன்றுதான். இதற்கு விடை தேடும்போது உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு சின்ன நாட்டின் கதையும் நமக்கு உதவும். ஆர்மீனியா. அது தூரத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதன் ஒரு நுனி சென்னை பாரிமுனையில் இருக்கிறது.

அரண்மனைக்காரன் தெரு

உயர்நீதிமன்றத்துக்கு வேலையாகப் போகிறவர்கள் அரண்மனைக்காரன் தெருவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. "அர்மேனியன்" என்ற சொல் சென்னை மக்களின் வாயில் "அரண்மனைக்காரன்" ஆகிவிட்டது. அங்கிருக்கும் ஆர்மீனியத் தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. பட்டும் ரத்தினமும் விற்க வந்த ஆர்மீனிய வணிகர்கள் இந்த நகரத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் முதல் பாலத்தைத் தன் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவர்தான்.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய அச்சகத்தை. ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற வணிகர் 1770களில் சென்னையில் ஆர்மீனிய மொழி அச்சகம் நடத்தினார். அப்போது ஆர்மீனியா என்று ஒரு சுதந்திர நாடே இல்லை. ஆர்மீனிய நிலம் ஒட்டோமான், பாரசீகப் பேரரசுகளின் கையில் கிடந்தது. ஆனால் இல்லாத அந்த நாட்டுக்கு, அரசனை வைத்து அல்ல, மக்கள் பிரதிநிதிகளை வைத்து ஆளும் ஓர் அரசியல் சட்டத்தை அந்தக் குடும்பம் சென்னையில் உட்கார்ந்து எழுதி அச்சிட்டது. 1794இல் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் "அஸ்தரார்" என்ற இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. வந்தது நம் சென்னையில்.

ஆக, நாடற்றவர்களும் தாயகத்தைக் கற்பனை செய்யலாம். ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும், எழுத்து வேண்டும், பணம் வேண்டும். அந்த வணிகர்களுக்கு எல்லாம் இருந்தது.

கண்டிச் சீமைக்குப் போன துண்டு மனிதர்கள்

நம்மவர்கள் கடல் கடந்தபோது கையில் அச்சகம் இல்லை. இருந்தது கடன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் சேரி மக்களுக்கு நிலம் இல்லை என்பது மட்டும் அல்ல, குடியிருந்த மனையே சொந்தம் இல்லை. பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மிராசுதார் சொன்னபடி வேலை செய்யாவிட்டால் குடிசையை விட்டே வெளியேற்றலாம். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது.

இந்த அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்கக் கிடைத்த ஒரே கதவு கப்பல். எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் வட ஆர்க்காடு, செங்கல்பட்டிலிருந்தும் மக்கள் மொரீஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கிய முதல் கப்பல் "ட்ரூரோ" சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களும் உண்டு. 1876-78 பெரும் பஞ்சம் இன்னும் பலரை ஊரைவிட்டுத் துரத்தியது. இலங்கைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து அதிகம் பேர் போனார்கள். ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

இலங்கைக்குப் போக ஒப்பந்தப் பத்திரம்கூட இல்லை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பான். அந்தக் கடன் தோட்டம்வரை கூடவே வரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், கடன் தொகை எழுதிய "துண்டு" வேண்டும். அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் ஒரு மனிதரின் விலை இருந்தது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆரம்ப காலத்தில் படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையக மக்கள் 2023இல் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபோது, அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள்.

போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். கங்காணிகள் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினர். சாதியும் கூடவே கப்பலேறியது. எந்தச் சாதிக்கு எந்த லயம் என்பதில்கூட அது இருந்தது. கடல் கடந்தால் சாதி ஒழியும் என்று நினைக்கும் தோழர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் நம்மவர்கள் வெறும் கூலிகளாக மட்டும் இருந்தார்கள் என்று முடித்துவிடுவதும் தவறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914வரை நடத்திய "தமிழன்" இதழுக்குக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் வாசகர்கள் இருந்தார்கள். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளும் அங்கே இருந்தன. இரட்டைமலை சீனிவாசன் நாட்டை விட்டுக் கிளம்பி, தென்னாப்பிரிக்காவில் நீண்டகாலம் வேலை பார்த்துவிட்டு 1920களின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். 1923இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டே, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேபோடு உட்கார்ந்தார். போய்த் திரும்பியவர்களின் கையில் காசு மட்டும் அல்ல, துணிச்சலும் இருந்தது. ஆர்மீனியர்கள் சென்னையில் பத்திரிகை நடத்திய மாதிரி, நம் முன்னோர்களும் கடல் கடந்த காசில் பத்திரிகை வளர்த்தார்கள். இதை நம் பாடப்புத்தகம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்கு வாருங்கள்" என்று ஓர் அரசு அழைத்தபோது

இப்போது ஆர்மீனியர்களிடம் திரும்புவோம். 1915இல் ஒட்டோமான் பேரரசு அவர்கள்மீது இனப்படுகொலை நடத்தியது. கொல்லப்பட்டவர்கள் 15 லட்சம்வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தப்பியவர்கள் சிரியா, லெபனான், எகிப்து, கிரேக்கம், பிரான்ஸ் என்று சிதறினார்கள். பழைய ஆர்மீனிய நிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு சிறு பகுதி மட்டும் சோவியத் ஆர்மீனியா ஆனது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஸ்டாலின் அரசு உலகெங்கும் உள்ள ஆர்மீனியர்களைத் தாயகம் திரும்பச் சொல்லி அழைத்தது. 1946 முதல் 1948வரை ஏறக்குறைய 90,000 பேர் போனார்கள். கடையை விற்று, வீட்டை விற்று, கப்பலேறிக் கருங்கடல் துறைமுகமான பாத்தூமியில் இறங்கினார்கள்.

இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் பேசியது மேற்கு ஆர்மீனியம், உள்ளூர் மக்கள் பேசியது கிழக்கு ஆர்மீனியம். வந்தவர்கள் "அண்ணே, தம்பி" என்று கூப்பிடும்போது சொன்ன "அஹ்பார்" என்ற உச்சரிப்பையே உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குப் பட்டப்பெயராக்கினார்கள். அண்ணன் என்ற சொல் வசவாகிவிட்டது. போரில் நொடிந்து கிடந்த நாட்டில் வீடு இல்லை, ரொட்டி இல்லை, அதோடு சந்தேகம் வேறு. 1949 ஜூனில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்களை ரயில் பெட்டிகளில் ஏற்றிச் சைபீரியாவின் அல்தாய்க்கு நாடு கடத்தினார்கள். தாயகம் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். ஸ்டாலின் இறந்த பிறகு, அனுமதி கிடைத்தபோது, பலர் மறுபடியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் "திரும்பிய" இடம் அவர்களுடைய ஊர் அல்ல. அவர்களின் தாத்தா பாட்டி வாழ்ந்த மலாத்தியா, அரப்கிர், செபாஸ்தியா எல்லாம் இன்றைய துருக்கியில் இருக்கின்றன. அதனால்தான் அகதிகளாகவும் திரும்பியவர்களாகவும் வந்தவர்கள் குடியேறிய யெரெவான் நகரப் பகுதிகளுக்குப் புதிய மலாத்தியா, புதிய அரப்கிர், புதிய செபாஸ்தியா என்று பெயர் வந்தது. போகமுடியாத ஊரின் பெயரைக் கிடைத்த இடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 2023 செப்டம்பரில் நகோர்னோ-கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் ஆர்மீனியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். "எங்கே நம் வீடு" என்ற கேள்வி அவர்களுக்கு இன்னும் முடியவில்லை.

சிலோன் ஆயாவும் இந்த "அஹ்பார்" மக்களும் சந்தித்துக்கொண்டால் மொழி தேவைப்படாது என்று எங்களுக்குத் தோன்றும்.

நம்மை யாரும் அழைக்கவில்லை, பங்கு போட்டார்கள்

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஆர்மீனியர்களை ஓர் அரசு "வா" என்று அழைத்தது. நம்மவர்களை ஓர் அரசு "போ" என்றது, இன்னோர் அரசு "எத்தனை பேர்?" என்று பேரம் பேசியது.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, ஏறக்குறைய ஏழு லட்சம் மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தொழிலாளி வாக்கு இடதுசாரிகளுக்கும் பலம் சேர்த்தது. அந்தப் பயம்தான் சட்டமானது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் நாடற்றவர்கள். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். களத்துமேட்டில் மிராசுதாரும் குத்தகைக்காரரும் நெல்லை அளந்து பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி. பிரிக்கப்பட்ட தொழிலாளர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. விண்ணப்பம் வாங்கியபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களின் எண்ணிக்கை ஒப்பந்தம் அதற்கு ஒதுக்கிய இடங்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அதாவது, பெரும்பான்மை மக்கள் தங்கள் ஊர் இலங்கைதான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் உழைத்து உருவாக்கிய மலை அது.

ஆனாலும் பட்டினியும் கலவரமும் அவர்களை நகர்த்தின. 1970களின் நடுவில் தோட்டங்களில் பசி, பிறகு 1977, 1981, 1983 வன்முறைகள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு மக்கள் "அழுகைக் கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று கிடைத்திருக்கும். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுவார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. அதற்குள் இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்திருந்தார்கள்.

இவர்களுக்கு அரசு வைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்?

ஃபேமிலி கார்டில் எழுதிய ஊர்

மண்டபம் முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபேமிலி கார்டு கொடுத்தார்கள். முன்பு தோட்டங்களுக்குப் போனவர்களை நிறுத்தி நோய் பார்த்த அதே மண்டபம் முகாம்தான். கார்டில் குடும்பத்தார் பெயர், என்ன உதவி, எந்த ஊருக்குப் போகிறார்கள் என்ற விவரம். பூர்வீக ஊர் எது என்ற கேள்விக்குத் தாத்தா சொல்லிக் கேள்விப்பட்ட பெயரைச் சொன்னார்கள்.

சிலோன் ஆயாவின் அப்பா சொன்ன ஊருக்குத்தான் குடும்பம் வந்தது. "நாலஞ்சு பெட்டியோட சேரிக்குள்ள வந்து நின்னோம். சொந்தக்காரங்க வந்து பாத்தாங்க. அவங்களுக்கே வூடு ஒண்டுக் குடிசை. எங்கள எங்க வெப்பாங்க?" என்றார் ஆயா. வியாபாரக் கடன் என்று அரசு ஒதுக்கிய ஐயாயிரம் ரூபாயில் பாதி தரகர்கள் கைக்குப் போனது. மீதியில் பெட்டிக்கடை வைத்தார்கள். சேரிக்காரர் கடையில் ஊர்த்தெருக்காரர்கள் யாரும் சாமான் வாங்கவில்லை. ஆறு மாதத்தில் கடை மூடியது. கடன் மட்டும் மிச்சம்.

இது ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் அல்ல. திட்டமே இப்படித்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களிடம் வியாபாரம் செய்யச் சொன்னால் என்ன ஆகும்? அதுவும் சாதி ஊரில், தலித் வைக்கும் கடையில்? திட்டம் போட்டவர்களின் காகிதத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் இவர்களில் இருந்தார்கள். 1980களில் அது வெளியே வந்தது.

கொஞ்சம் நிமிர்ந்தவர்கள் நீலகிரிக்குப் போனவர்கள். 1968இல் அரசு தொடங்கி, 1976இல் டேன்டீ என்ற கழகமாக மாற்றிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்றும், நீலகிரிக்கு வெளியே வால்பாறையிலும் குடியேறினார்கள். ஆனால் அங்கேயும் லயம்தான். வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் வெளியே. 2022இல் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் மறுபடியும் "நாங்கள் எங்கே போவது" என்று கேட்டார்கள். இதில் நாம் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தோட்டங்கள் வந்த காட்டில் பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களின் வாழ்வு இருந்தது. நிலமற்ற ஒருவரைக் குடியேற்ற, நிலத்துக்குப் பட்டா இல்லாத இன்னொருவரின் காடு எடுக்கப்பட்டது. மிராசுதாரின் நிலத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

தாயகம் என்பது என்ன?

1931இல் பாபாசாகேப் முதன்முதலாகக் காந்தியைச் சந்தித்தபோது, தனக்குத் தாயகம் இல்லை என்று நேருக்கு நேர் சொன்னார். நாயைவிடக் கேவலமாக நடத்தும், குடிக்கத் தண்ணீர் தராத நாட்டை எப்படித் தாயகம் என்பது என்பது அவர் கேள்வி. நம் தோழர்கள் இதை மேடையில் பலமுறை சொல்லியிருப்பீர்கள். அது வெறும் கோபப் பேச்சு அல்ல. தாயகம் என்பதற்கு அவர் ஒரு வரையறை கொடுத்தார்: மனிதராக மதிக்கப்படும் இடம்.

ஆர்மீனியர்களின் கதை நமக்குச் சொல்வது, ஒரே இனம், ஒரே மதம், ஒரே எழுத்து இருந்தாலும், திரும்பி வருகிறவரை வரவேற்பது தானாக நடக்காது என்பது. சிலோன் ஆயாவின் கதை சொல்வது, அதற்கு மேல் சாதியும் இருந்தால் திரும்பி வருவதற்கு வாசலே இல்லை என்பது. போனபோது எந்தச் சேரியில் இருந்து போனார்களோ, நூறு ஆண்டு கழித்து அதே சேரிக்குத்தான் வந்தார்கள். தேயிலையால் இரண்டு நாடுகள் அந்நியச் செலாவணி சம்பாதித்தன. கிள்ளிய கைக்கு மூன்று சென்ட் மனை கிடைக்கவில்லை.

இது பழைய கதை அல்ல. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இப்படி முகாம்கள். 2021இல் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். பெயர் மாறியதை வரவேற்கிறோம். குடியுரிமை? 1983க்குப் பிறகு ஓடிவந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள். இவர்களுடைய பாட்டன் பாட்டி இங்கிருந்து போனவர்கள், அந்த 1964 ஒப்பந்தத்தின் கணக்கில் வந்திருக்க வேண்டியவர்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நீண்டகாலம் சட்டவிரோதக் குடியேறிகளாகவே இருந்தார்கள். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் உள்ள இப்படிப்பட்டவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. இலங்கை தன் பங்குக்கு 1988லும் 2003லும் சட்டம் இயற்றி, அங்கே மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.

அந்தத் தங்கைக்கு நாங்கள் சொன்ன பதில்

"நம்ம பூர்வீகம் எது?" என்ற கேள்விக்கு நாங்கள் கடைசியில் சொன்னது இதுதான். பூர்வீகம் கல்வெட்டில் மட்டும் இருப்பதில்லை. சக்கிலிதுர்கத்தில் கல்வெட்டு இல்லை என்பதால் அங்கே மனிதர்கள் இல்லை என்று ஆகிவிடாது. நமக்கு எழுதிவைக்க யாரும் இல்லை. இப்போது நாம் இருக்கிறோம்.

அதனால் தோழர்களே, மூன்று வேலைகள். உங்கள் காலனியில் "சிலோன்", "பர்மா", "ரங்கூன்" என்று பட்டப்பெயரோடு யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் டிரங்குப் பெட்டியில் ஃபேமிலி கார்டு இருந்தால் அனுமதி கேட்டுப் படமெடுத்து வையுங்கள். கரையான் அரிக்கும் முன்பு அதைக் காப்பாற்றுங்கள். சாதிச் சான்றிதழுக்காகத் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் அலையும்போது அந்தக் கார்டு எத்தனை முறை கைகொடுத்தது என்பதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, உங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய "அ" பதிவேட்டைக் கேளுங்கள். 1892க்குப் பிறகு ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் எவ்வளவு, இப்போது யார் கையில் என்று பாருங்கள். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அது கொடுக்கப்பட்டது. தாயகம் என்ற பெரிய சொல் கடைசியில் ஒரு சர்வே எண்ணில்தான் வந்து நிற்கிறது.

மூன்றாவது, பக்கத்தில் முகாம் இருந்தால் போங்கள். அவர்களை "அகதி" என்று கூப்பிடுவதை நம்மிலிருந்தே நிறுத்துவோம். "சேரிக்காரன்" என்ற சொல்லின் வலி தெரிந்த நாமே இன்னொருவருக்கு அப்படி ஒரு பெயர் வைக்கலாமா?

கூட்டம் முடிந்து கிளம்பும்போது இருட்டிவிட்டது. அந்தத் தங்கை கடைசியாக ஒன்று சொன்னார். அடுத்த ஞாயிறு சிலோன் ஆயாவை அழைத்து வரலாமா என்று கேட்டார். அழைத்து வந்தோம். முழங்கால் வலியால் ஆயாவால் மலையேற முடியவில்லை. அடிவாரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் பேசினார். எழுந்து போகும்போது அந்தத் தங்கை, "சிலோன் ஆயா, மெதுவா" என்று கைகொடுத்தார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்க பேர் என்ன ஆயா?" என்று கேட்டார்.

ஐம்பது ஆண்டில் இந்த ஊரில் தன்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றார் ஆயா. பெயரையும் சொன்னார். இப்போது எங்கள் வட்டத்தில் எல்லோரும் அவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்.

ஜெய் பீம்.